அசையாத நிழல்

குழந்தை கதவருகே இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றாள். அப்பா படியேறி வரும் சத்தம் அவளுக்கு அத்துப்படி. மூன்றாவது படியில் அவருடைய செருப்பு ஒரு தேய்ப்புத் தேய்க்கும். உடனே கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவந்து நின்றுவிடுவாள். இரண்டு வயது முடிந்து நான்கு மாதமாகிறது. இதுவரை அந்தக் கைகள் ஒரு நாளும் சும்மா இறங்கியதில்லை. இந்தத் திங்கட்கிழமையிலிருந்துதான் இறங்குகின்றன.

அவர் குழந்தையின் மேல் படாமல் சுவரோடு ஒட்டி நடந்தார். குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். உள்ளே தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. குழந்தை மூடிய கதவைப் பார்த்தாள், தன் கைகளைப் பார்த்தாள், பிறகு உட்கார்ந்து அவருடைய செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

டீச்சர் அடுப்படியிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டிலும் சரி, தெருவிலும் சரி, எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். பத்தாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறாள். கணவர் பக்கத்து ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். பதினான்கு வருடத்தில் ஒரு படம் கலங்கியதில்லை, ஒரு நாள் தாமதமாகப் போனதில்லை. ஊரில் பாதிப் பேருடைய எலும்பு அவருக்குத் தெரியும். மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, அவ்வளவுதான், ஒண்ணும் ஆகாது என்று தினமும் இருபது பேருக்காவது தைரியம் சொல்பவர். அந்த மனிதர்தான் இப்போது தோலை உரித்துவிடுவதுபோல் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தார்.

திங்களன்று வந்த கடிதம் அப்படி. கதிர் வேலை பார்ப்பவர்கள் சட்டையில் ஒரு பேட்ஜ் குத்திக்கொள்வார்கள். அதற்குள் ஒரு துண்டு ஃபிலிம் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்கூடத்துக்கு அனுப்பினால், ஆள் மேல் எவ்வளவு கதிர் பட்டது என்று பார்த்துச் சொல்வார்கள். எப்போதும் ஒன்றுமில்லை என்றுதான் பதில் வரும். இந்த முறை, ஒரு வருடத்துக்கு அனுமதித்த அளவை மூன்றே மாதத்தில் தாண்டிவிட்டார் என்று வந்திருந்தது. அன்றைக்கே எக்ஸ்ரே அறையைப் பூட்டி சீல் வைத்தார்கள். அவரைப் பழைய படங்கள் அடுக்கிய அறைக்கு அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை பாதுகாப்பு அதிகாரி வருகிறார். அறையில் கசிவு என்று அதிகாரி எழுதிவிட்டால் அறை திறக்காது, இவருக்கு வேறு வேலையும் இல்லை.

"அந்தச் சட்டையைத் தனியா ஊற வை" என்றாள் அண்ணி, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல். கணவரின் அக்கா. இவர்களோடுதான் இருக்கிறாள். கை ஒழுங்காகத் தைக்கும், வாய் தாறுமாறாகக் கிழிக்கும்.

"எதுக்கு அண்ணி தனியா?"

"கதிர் பட்ட சட்டை. பாப்பா துணியோட சேத்து ஊற வைப்பியா?"

"அது சேறா, ஒட்டிக்கிட்டு வர்றதுக்கு? மெஷினை நிறுத்தினா கதிரும் நின்னு போச்சு."

"அப்போ அவன் ஏன் புள்ளையத் தூக்க மாட்டேங்கிறான்? உனக்குத் தெரிஞ்சது அவனுக்குத் தெரியாதா?"

அண்ணி வாய்க்கு வந்ததைப் பேசினாலும் சரியான இடத்தில்தான் ஊசியைக் குத்துவாள்.

குளித்துவிட்டு வந்தவரிடம் டீச்சர் மெதுவாகக் கேட்டாள். "ஒட்டாதுன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"அப்புறம் என்னங்க?"

"தெரியறது வேற. கை வர மாட்டேங்குது." தலை துவட்டும் துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "எனக்குள்ள என்ன ஆயிருக்குன்னு தெரியாம அவளைத் தூக்கிக் கொஞ்ச எனக்கு மனசு வரல. விடு."

மறுநாள் பத்தாம் வகுப்பில் மின்காந்த அலைகள். பாடப்புத்தகத்தில் நாலரைப் பக்கம். எல்லா வருடமும் டீச்சர் ஆசையோடு எடுக்கும் பாடம், இந்த வருடம் எடுக்கவே மனம் வரவில்லை. ஆனாலும் ஒரு கயிற்றைக் கொண்டுபோயிருந்தாள். கடைசி பெஞ்சு ஆன்டெனாவை எழுப்பி ஒரு நுனியைக் கொடுத்தாள். உயரத்துக்காக வந்த பெயர் அது. வெல்டிங் பட்டறைக்காரர் மகன்.

"மெதுவா ஆட்டு. பாருங்க, பெரிய பெரிய வளைவு. இது ரேடியோ. இன்னும் வேகமா. இது செல்போன், இதுக்கு மேல மைக்ரோவேவ். இன்னும், இன்னும். இப்போ கண்ணுக்குத் தெரியற வெளிச்சம். நிறுத்தாதே, புற ஊதா. இன்னும் வேகம், எக்ஸ்ரே."

"டீச்சர், கை கழண்டுடும்!"

"அதைத்தான் சொல்ல வர்றேன். வேகமா ஆட்ட அதிக சக்தி வேணும். மெதுவா ஆடற அலை அதிகமா இருந்தா சூடாக்கும், அவ்வளவுதான். இந்த வேகத்துல ஆடறது உடம்புக்குள்ள இருக்கிறதையே உடைக்கும். செல்போன் கதிரும் எக்ஸ்ரே கதிரும் ஒரே குடும்பம், ஆனா ஒரே குணம் இல்லை. உக்காரு."

டிவி ரிமோட்டின் மூக்கை செல்போன் கேமராவுக்குக் காட்டிப் பொத்தானை அழுத்தினாள். கண்ணுக்குத் தெரியாத ஒரு அகச்சிவப்புப் பொட்டு திரையில் வெளிர் ஊதாவாக மின்னியது. வகுப்பு ஓவென்று கத்தியது. ஆன்டெனா தன் அப்பாவின் கதையை எடுத்து விட்டான்.

"எங்கப்பா ஒரு தடவை முகமூடி போடாம பத்த வெச்சாரு டீச்சர். அப்போ ஒண்ணும் தெரியல. சாயங்காலம் கண்ணுல மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி இருக்குன்னு புரண்டாரு."

"புற ஊதா. சரியாச் சொன்னே. நெருப்பு அணைஞ்சு போச்சு, கதிரும் போச்சு. ஆனா அது பண்ணின காயம் அப்புறம்தான் தெரியும்."

அதைச் சொல்லி முடித்தபோது டீச்சருக்கே சுருக்கென்றது. வீட்டில் அவர் பயப்படுவதும் இதற்குத்தானே.

ஆன்டெனா உட்காரவில்லை. தலையைச் சொறிந்தான். "டீச்சர், கோவிச்சுக்காதீங்க. சார்கிட்டேருந்து உங்களுக்கும், உங்ககிட்டேருந்து எங்களுக்கும் வந்துடும்னு எங்க தெருவுல பேசிக்கிறாங்க. நீங்க திருத்தின நோட்டைத் தொடவே சிலர் பயப்படுறாங்க."

டீச்சர் ஜன்னல்களைச் சாத்தச் சொன்னாள். டார்ச்சை எடுத்துச் சுவரில் அடித்தாள். அணைத்தாள்.

"சுவத்துல வெளிச்சம் மிச்சம் இருக்கா?"

"இல்லை டீச்சர்."

"போய்த் தடவிப் பாரு. கையில ஒட்டுதா?"

ஆன்டெனா நிஜமாகவே போய்த் தடவினான். வகுப்பு சிரித்தது, அவனும் சிரித்தான். "எக்ஸ்ரேயும் வெளிச்சந்தான். சுவிட்சை அணைச்சா போயிடும். எங்க வீட்டுக்காரர் உடம்புலயும் இல்லை, உங்க நோட்டுலயும் இல்லை. உங்க நோட்டுல தப்பு மட்டும்தான் இருக்கு."

சிரிப்போடு மணி அடித்தது. ஆனால் டீச்சருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

வியாழக்கிழமை, மூன்று வாரத்துக்கு முன் மேற்குப் பக்க ஜன்னலில் வைத்த அடர்நீலச் சார்ட் தாள்களை எடுத்துப் பார்க்கும் நாள். வெயில் சாயத்தை வெளுக்கும், மறைத்த இடம் மட்டும் நீலமாக நிற்கும் என்று காட்டுவதற்காக வைத்தது. ஒரு தாளில் ஒரு சாவியை ஒட்டு நாடாவால் ஒட்டியிருந்தாள். இன்னொன்றில் ஒரு ஜியோமெட்ரி பாக்ஸ். அதை ஒட்ட நாடா போதவில்லை, சும்மா வைத்தாள். போகிறவன் வருகிறவன் எல்லாம் அதைத் தட்டி நகர்த்தியிருக்கிறார்கள்.

இரண்டு தாளையும் கரும்பலகையில் மாட்டினாள். சாவி பல்லோடு, வளையத்தோடு, வெட்டியெடுத்தாற்போல நீலமாக இருந்தது. பாக்ஸ் இருந்த இடத்தில் ஓரமே தெரியாத ஒரு கலங்கல்.

"இது வீணாப் போச்சு" என்று இரண்டாவது தாளைக் கழற்றப் போனாள்.

"இருக்கட்டும் டீச்சர்." இரண்டாம் வரிசையில் ஒரு கை தூக்கி நின்றது. அந்தப் பெண்ணுக்கு வகுப்பு வைத்த பெயர் சந்தேகம். அவள் கை தூக்கினால் மற்றவர்கள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சாய்ந்துகொள்வார்கள், சீக்கிரம் முடியாது என்று. "கதிர் வேலை பாக்கிறவங்க பேட்ஜுக்குள்ள ஃபிலிம் இருக்கும்னு புத்தகத்துல ஒரு படம் போட்டிருக்கு. ஃபிலிமுக்கு முன்னாடி சின்னச் சின்னத் தகடு இருக்கே, அது எதுக்கு?"

"கதிர் எவ்வளவு பலமானதுன்னு தெரிஞ்சுக்க. பலமில்லாத கதிர் தகட்டைத் தாண்டாது."

"அப்போ தகட்டோட நிழல் ஃபிலிம்ல விழுமா?"

"விழும்."

"ஆளு நடந்துக்கிட்டே, திரும்பிக்கிட்டே இருந்தா?"

டீச்சர் கலங்கிய தாளைத் திரும்பிப் பார்த்தாள். சந்தேகம் எழுந்து கரும்பலகைக்கே வந்துவிட்டாள்.

"இந்தப் பாக்ஸ் மாதிரி கலங்கிப் போகணும். ஒரே இடத்துல தொங்கிக்கிட்டு இருந்தா சாவி மாதிரி தெளிவா இருக்கணும். பேட்ஜ் தான் இருந்த இடத்தைப் பத்தித்தானே சொல்லும் டீச்சர்? ஆளு அங்க இருந்தாரான்னு அதுக்கு எப்படித் தெரியும்?" ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள். "சாரோட ஃபிலிம்ல நிழல் எப்படி இருந்துச்சு?"

ஆன்டெனாவுக்குப் பிறகு யாரும் சார் பேச்சை எடுக்காத அந்த வகுப்பில் அவள் எடுத்துவிட்டாள். டீச்சருக்குப் பொட்டில் அறைந்தாற்போல் இருந்தது. மூன்று நாளாக அந்தக் கடிதத்தை மனப்பாடம் ஆகும்வரை படித்திருக்கிறாள். இயற்பியல் பட்டம் வாங்கியவள். இது தோன்றவில்லை. பயம் வந்தால் படித்ததெல்லாம் பரணுக்குப் போய்விடும் போலிருக்கிறது.

"நீ உக்காரு. இல்லை, நில்லு. இல்லை, உக்காரு" என்று எதையோ சொல்லிவிட்டு, மதிய இடைவேளை மணி அடித்ததும் அடிக்காததுமாக ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

பழைய படங்களின் அறையில் அவர் முட்டுக்கால் போட்டு உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். தலையெல்லாம் தூசி.

"பேட்ஜை எங்க குத்துவீங்க?"

"இதென்ன கேள்வி? சட்டையில."

"என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."

அவருக்குப் பொய் வராது. வந்தால் எதிரில் இருப்பவரின் காதைப் பார்ப்பார். இப்போது அவள் இடது காதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு உறையை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சட்டைப் பையோட அதை நீ சோப்புத் தண்ணியில ஊற வெச்சியே, ஞாபகம் இருக்கா?"

மறக்குமா? அன்று வீட்டில் வெடித்த சண்டை அப்படி. வீட்டுக்கு வரக்கூடாத பேட்ஜ் மறதியில் பையோடு வந்து, அவள் பார்க்காமல் ஊறப்போட்டு, அவர் அதற்கு ஒரு பக்கம் விளக்கம் எழுதினார். அவருடைய வாழ்க்கையில் முதல் விளக்கக் கடிதம் அது. இனி அந்தப் பேட்ஜ் நம்ம வீட்டுப் படியேறாது என்று கத்தினார். அவளும் சளைக்கவில்லை, பையைத் துழாவுவது என் வேலையா என்றாள்.

"அன்னையிலேருந்து சட்டையில குத்தறதில்லை. கதிரைத் தடுக்கப் போடற ஈய ஏப்ரன்லயே குத்தி விட்டுடறது. தொலையாது, வீட்டுக்கும் வராது."

"அடப்பாவமே!"

"கேளு முழுசா. காலையில வார்டுக்கு மெஷினைத் தள்ளிட்டுப் போகும்போது ஏப்ரன் போடுவேன். அப்புறம் கழட்டிக் கேபின் கொக்கியில தொங்கும். மெஷினை ஓட்டறதுக்காக நான் நாள் முழுக்க உக்காந்திருக்கிற அதே கேபின். அங்க தொங்கின பேட்ஜுக்கே இவ்வளவுன்னா, கேபின் சுவரு கசியுதுன்னுதானே அர்த்தம்? அப்போ எனக்கு?" அவர் குரல் உடைந்தது. "இதை வெளியில சொன்னா, பேட்ஜ் போடாத ஆளுன்னு பேரு. சொல்லலைன்னா, வியாதிக்காரன்னு பேரு. எது மேல்னு மூணு நாளா யோசிக்கிறேன்."

மூன்று நாளாகத் தனியாக இதைச் சுமந்திருக்கிறாரே என்று அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அழவில்லை, கேட்டாள். "கொக்கியில நீங்களே மாட்டுவீங்களா?"

"இல்லை. ஆயாம்மா வாங்கித் துடைச்சு மாட்டும். காலையில அதுவே எடுத்துட்டு வந்து கையில குடுக்கும்."

ஆயாம்மா வெளியே தாழ்வாரத்தில் கைப்பிடிச் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டதும் ஈரத் துணியோடு வந்து நின்றாள்.

"ஏப்ரனை எங்கம்மா மாட்டுவீங்க?" என்றாள் டீச்சர்.

"ஆணியில டீச்சரம்மா."

"எந்த ஆணி? கேபின்ல கொக்கி இருக்கே" என்றார் அவர்.

"அந்தக் கொக்கியைத்தான் பெயின்ட் அடிக்க வந்தவங்க பிடுங்கிட்டுப் போயிட்டாங்களே சார். மடிச்சு வெக்கக் கூடாது, மடிச்சா உள்ள ஈயம் விரிசல் விட்டுடும்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க. நான் ஒரு நாள்கூட மடிச்சதில்லை. நெஞ்சுப் படம் எடுக்க நிப்பாங்களே, அந்தப் பலகைக்குப் பின்னாடி சுவத்துல ஒரு நல்ல ஆணி இருக்கு. நீளமாத் தொங்க விடலாம். பலகை மறைக்கும், வர்றவங்க கண்ணுக்கும் அசிங்கமாத் தெரியாது."

நெஞ்சுப் படத்துக்கு மெஷினைத் திருப்பி வைப்பதே அந்தப் பலகையைப் பார்த்துத்தான். ஆளைத் தாண்டி வரும் கதிரும், பக்கவாட்டில் தப்பி வரும் கதிரும் நேரே அந்தச் சுவரில்தான் போய் அடிக்கும். தினமும் இருபது பேர், மூன்று மாதம், பேட்ஜ் அங்கே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றிருக்கிறது.

"பெயின்ட் எப்போ அடிச்சாங்க?" என்றாள் டீச்சர்.

"போன முறை பேட்ஜ் மாத்தின வாரம்" என்றார் அவர். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

ஆயாம்மா ஈரத் துணியைக் கீழே வைத்தாள். "நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா சார்? என்னைத் தூக்கிடுவாங்களா?"

"நான் சொன்னபடிதான் நீங்க செஞ்சீங்க. சொன்னபடி செய்யாதவன் நான்தான்."

"அப்போ அதை எழுதுங்க" என்றாள் டீச்சர். "உங்க கையெழுத்துல, நாளைக்கு அதிகாரி வர்றதுக்குள்ள. ஃபிலிம்ல தகட்டு நிழலோட ஓரத்தைப் பாருங்கன்னும் எழுதுங்க. அசையாம தொங்கியிருந்தா ஓரம் தெளிவா இருக்கும்னு என் வகுப்புப் பொண்ணு ஒருத்தி சொன்னா."

அவர் தயங்கினார். பதினான்கு வருடப் பெயர் சும்மா வந்ததல்ல. "பேட்ஜ் போடலைன்னு நானே எழுதிக் குடுக்கறதா?"

"பேரு பெருசா, பாப்பா பெருசா?"

அவர் தூசித் தலையைத் துடைத்துக்கொண்டார். பிறகு மேசைக்குப் போய் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் டீச்சர் எதையோ எழுதினாள், அதையே அழித்தாள். பிள்ளைகளும் புரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் பாடவேளை பாதியில் வாசலில் நிழல் தெரிந்தது. எக்ஸ்ரே சார் நின்றிருந்தார். ஓடிவந்த மாதிரி மூச்சு வாங்கியது.

"உள்ள வரலாமா டீச்சர்?" என்று மாணவனைப் போலக் கேட்டார்.

டீச்சரின் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்து உடைந்தது. ஆன்டெனா கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, ஒரு துண்டைப் பொறுக்கி எடுத்து, அவர் கையிலேயே கொடுத்தான். கொடுத்துவிட்டுக் கையையும் குலுக்கினான். வகுப்பு முழுக்க அதைப் பார்த்தது.

வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர், சாக்பீஸை வாங்கிக் கரும்பலகையில் அறையை வரைந்தார், மெஷினை வரைந்தார், பலகையை வரைந்தார், பின்னால் ஒரு ஆணியையும் வரைந்தார். அதிகாரியம்மா மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பேசியும் காட்டினார்.

"சீலை உடைச்சு உள்ள போனா, ஏப்ரன் அங்கேயேதான் தொங்குது. அந்தம்மா என் கடிதத்தைப் படிச்சாங்க. என்னை மேலேயும் கீழேயும் பாத்தாங்க. கையோட கொண்டு வந்த உறையிலேருந்து ஃபிலிமை எடுத்து வெளிச்சப் பெட்டியில வெச்சாங்க. லென்ஸை வெச்சுக் குனிஞ்சவங்க நிமிரவே இல்லை. எனக்கு இங்க உயிர் போகுது."

"ஓரம்?" சந்தேகம் எழுந்தே நின்றுவிட்டாள். "சார், ஓரம் எப்படி இருந்துச்சு?"

"பிளேடால வெட்டின மாதிரி!" என்று கத்தினார் அவர். "மூணு தகடும் மூணு கட்டமா அப்படியே நிக்குது. ஆளு மேல இருந்த பேட்ஜே இல்லை இது, சுவத்துல மாட்டின பேட்ஜ்னு அந்தம்மா வாயாலேயே சொன்னாங்க. கேபினுக்குள்ள கருவி வெச்சு, மெஷினை ஓடவிட்டுப் பாத்தாங்க. கசிவு ஒரு துளி இல்லை. திங்கக்கிழமை எடுத்த என் ரத்தமும் சுத்தம்னு காலையில ரிப்போர்ட் வந்திடுச்சு. அறையைத் திறந்தாச்சு."

அதற்கு மேல் அவர் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. பெஞ்சுகள் அதிர்ந்தன. பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சத்தம் போடாதீங்க என்று அவளே சத்தம் போட்டாள்.

"ஓரத்தைப் பாக்கச் சொல்லி யாரு சொன்னாங்கன்னு அந்தம்மா கேட்டாங்க" என்றார் அவர், சத்தம் அடங்கியதும். "பத்தாம் வகுப்புப் பிள்ளைன்னேன். அவங்க சிரிக்கல. படிச்சு முடிச்சதும் நேரா எங்க ஆபீஸுக்கு வரச் சொல்லுங்கன்னாங்க."

சந்தேகம் நெற்றியைச் சுருக்கினாள். "உங்களுக்கு ஒண்ணும் தண்டனை இல்லையா சார்?"

"இருக்கும்மா. எச்சரிக்கைக் கடிதம். இதே பையிலதான் வெச்சிருக்கேன்." பையைத் தட்டிக் காட்டினார். எச்சரிக்கைக் கடிதத்தை இவ்வளவு பெருமையாகத் தட்டிக் காட்டிய ஆளை டீச்சர் பார்த்ததே இல்லை.

அன்று சாயங்காலம் மூன்றாவது படியில் செருப்பு தேய்ந்தது. குழந்தை அசையவில்லை. நான்கு நாளில் அவளும் கற்றுக்கொண்டுவிட்டாள். தையல் மெஷின் அருகே துணித் துண்டுகளை அடுக்கியபடி, தலையை மட்டும் திருப்பிப் பார்த்தாள். கைகள் மடியிலேயே இருந்தன.

அவர் வாசலில் மண்டியிட்டார். இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, அவள் நிற்பதைப் போலவே காத்திருந்தார்.

குழந்தை கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு ஒரே ஓட்டமாக ஓடி வந்து அவர் மேல் விழுந்தாள். அவர் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தார், மேலே தூக்கினார், மறுபடி அணைத்தார். கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று டீச்சருக்குத் தெரியவில்லை. இரண்டும்தான்.

அண்ணி மெஷினை நிறுத்தினாள். "சட்டையை மாத்திட்டுத் தூக்குடான்னு சொல்ல வந்தேன்" என்று மூக்கை உறிஞ்சினாள். "போகட்டும், தூக்கு. நாலு நாள் பாக்கியையும் சேத்துத் தூக்கு."

அப்போதுதான் டீச்சர் கவனித்தாள். குழந்தையின் கன்னத்துக்கும் அவர் நெஞ்சுக்கும் நடுவில், சட்டையில் குத்தியபடி, புது பேட்ஜ்.

"என்னங்க இது? வீட்டுக்குக் கொண்டு வரலாமா? கேபின்லதானே விட்டுட்டு வரணும்?"

அவர் குனிந்து பார்த்தார். முகம் வெளுத்து, பிறகு சிவந்து, கடைசியில் வெடித்துச் சிரித்தது. சந்தோஷத்தில் மறந்தே போயிருக்கிறார்.

"கொண்டாங்க, பத்திரமா எடுத்து வெக்கிறேன்."

"சட்டையை ஊற வெக்கும்போது எடுத்துக்க. இப்போ இருக்கட்டும்" என்றார் அவர், குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டு. "நான் இருக்கிற இடத்துலதானே அது இருக்கணும்."

மூன்று மாதம் கழித்து அந்த ஃபிலிமுக்குப் பதில் வந்தது. ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தது.